நேர்கோடு பிறழும் கருவிகள்: மாத்தளைச் சரிவுகளை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கருவிகளின் வரலாறு, கண்டுபிடித்தோரின் பெயர்ப்பட்டியலாகவே நம்மிடையே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தேவை ஒரு கருவியைப் பிறப்பித்தது, அதன் பிழை எவர் தலையில் விழுகின்றது என்னும் வினாக்கள் அதில் இடம்பெறுவதில்லை.

1967இல் ஐக்கிய அமெரிக்காவின் வெஸ்ற்றிங்கவுஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி நதான்சனும் அவருடன் பணியாற்றியோரும், மின்னிலைவிசையால் அதிரும் நுண்ணிய உலோகக் கோலொன்றைத் திரான்சிஸ்டருடன் இணைத்து வெளிப்படுத்தினர். இரு தகடுகளுக்கிடையிலான ஈர்ப்பு இடைவெளியின் வர்க்கத்துக்கு நேர்மாறாக வளர்வது. தகட்டைத் தாங்கும் வில்லின் எதிர்விசையோ இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதமாகவே கூடுவது. மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால், நகரும் தகடு இடைவெளியின் மூன்றிலொரு பங்கைக் கடந்ததும் வில் தோற்க, தகடு திடீரென ஒட்டிக்கொள்கின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாதற்கு இதனை உதாரணங் காட்ட நம் தோழர்கள் விரைவர். அவ்விரைவு எனக்கு உடன்பாடன்று. ஒட்டுதற்கு முன்னரே நிகழும் சிறு பிறழ்வுகளே நடைமுறையில் நம்மை ஏமாற்றுபவை.

1990களின் தொடக்கத்தில் மோட்டார் வாகனக் காற்றுப்பைகளுக்காகச் சந்தைக்கு வந்த சிலிக்கன் ஆர்முடுகல் உணரிகள், பின்னர் பல நாடுகளில் மலைச்சரிவின் சாய்வை அளக்கவும் பயன்படலாயின. மாத்தளையும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டமே. மன்னாரிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து, பலர் வழியிலேயே மடிந்த தம்புள்ளை, மாத்தளை நிலப்பரப்பினூடாகவே இன்றைய கண்டி - யாழ்ப்பாண நெடுஞ்சாலை செல்கின்றது. இத்தகைய சாலையில் ஓடும் பாரவூர்திகளின் அதிர்வு சரிவில் நாட்டிய உணரியை எட்டுவதாகக் கொள்வோம். நேர்கோட்டு இயல்புடைய கருவியில் அது இருபுறமும் சமமாக ஊசலாடிச் சராசரியில் மறைந்துவிடும். பிறழ்வுடையதில் ஒருபுறம் மிகுந்து, சராசரியே நகரும்: அசையாத மலை சாய்ந்ததாகத் தோன்றும், மெய்யாகவே சாயும் மலையின் அசைவு மறைந்துபோகவும் கூடும்.

கண்டறியும் முறை எளியது. ஒரே மீடிறனில் அதிரும் மேடையில் உணரியை வைத்து வெளியீட்டை நோக்கவேண்டும். அதில் இருமடங்கு மீடிறன் தோன்றின், அல்லது வீச்சைக் கூட்டுந்தோறும் சராசரி நகரின், பிறழ்வு உண்டு. மீடிறனை ஏற்றும்போது ஓரிடத்திலும் இறக்கும்போது வேறோரிடத்திலும் அதிர்வு திடீரெனப் பாயுமாயின், 1918இல் ஜேர்மானியப் பொறியியலாளர் ஜோர்ஜ் டபிங் ஆராய்ந்த நடத்தை அது.

செப்பமான கருவியும் எச்சரிக்கை வரைதான் செல்லும். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. எச்சரிக்கை அங்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. பெயர்ந்து செல்ல அம்மக்களுக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை.