லவுஞ்ச் கதவும் கேபின் திரையும்

குழந்தைகளோட பறக்கும்போது லவுஞ்ச் வாசல்ல ஏன் தலையை எண்ணுறாங்க? இந்த எபிசோடு அந்தக் கதைதான்.

1939-ல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்'பைத் தொடங்கியது. முதல் ஏர்லைன் லவுஞ்ச் என்று இதைத்தான் சொல்வார்கள். ஆரம்பத்தில் காசு கொடுத்தெல்லாம் சேர முடியாது. கம்பெனியே பார்த்து அழைக்கணும். கட்டண உறுப்பினர் முறை பிறகுதான் வந்தது. 1992-ல் 'பிரியாரிட்டி பாஸ்' வந்தபின், ஒரே கார்டில் பல லவுஞ்சுகள் திறந்தன. ஆனா கார்டு இன்னும் ஒருத்தர் பேர்லதான். பிள்ளைங்க 'கெஸ்ட்' கணக்கு.

கேபின் கதை வேற. 1952 மே மாதம் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களுக்கு டூரிஸ்ட் கிளாஸ் வந்தது. கட்டணம் குறைந்தது, நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஆகாயம் திறந்தது. பிறகு ஒரே விமானத்துக்குள் இரண்டு வகுப்பு, நடுவில் ஒரு திரை.

அந்தத் திரைதான் சிக்கல். அப்பாவுக்கு மட்டும் அப்கிரேடு கிடைச்சா, அம்மாவும் பிள்ளைகளும் பின்னாடி. 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பக்கத்திலேயே, அதே பிஎன்ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்காவது இடம் தரணும்னு இந்தியாவின் டிஜிசிஏ 2024-ல் சொன்னது. ஒருத்தர் போதும், மொத்தக் குடும்பம்னு சொல்லல.

எஞ்சினியரா எனக்குத் தோணுறது இதுதான்: இந்த சிஸ்டத்தோட டேட்டாபேஸ்ல 'யூசர்' இருக்கு, 'குடும்பம்' இல்ல. அதனால அப்கிரேடு வந்தா உடனே ஓகே அழுத்தாதீங்க. திரைக்குப் பின்னாடி ராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தனியா சமாளிக்கப்போறது யாருன்னு முதல்ல பேசிடுங்க.