காணாப் பொருளும் சிதையாத் துகளும்

1933 ஆம் ஆண்டிற் கலிபோணியாவிற் பணிபுரிந்த சுவிற்சலாந்து வானியலறிஞர் பிறிற்ஸ் சுவிக்கி, கோமா என்னும் உடுமண்டலக் கூட்டத்தின் இயக்கத்தை ஆராய்ந்தார். அதன் உறுப்புக்கள் ஓடிய வேகத்திற்கு, ஒளிவிடும் பொருளின் ஈர்ப்பு மட்டும் போதாது. பிறிதொரு பொருள் பிணித்து வையாதாயின் அக்கூட்டம் எப்பொழுதோ சிதறியிருத்தல் வேண்டும். அவர் கண்ட இம்முடிபை அறிஞருலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1970 இல் வேரா றூபினும் கென்ற் போட்டும் அந்திரொமேடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்ட பின்னரே ஐயம் மெல்ல அகலத் தொடங்கிற்று.

அப்பொருள் யாது? அண்டத்தின் வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டு. ஆதியிற் பிறந்த துகள் இன்றளவும் அழியாதிருத்தல் வேண்டும். பாரமான துகள்களோ பெரும்பாலும் கணப்பொழுதிற் சிதைந்து இலேசானவையாகி விடுவன. இலத்திரன் சிதையாதிருப்பதும், அதனினும் இலேசான மின்னேற்றத் துகள் வேறின்மையாலேயே.

முதலில் நியூத்திரினோவே கருதப்பட்டது. அதற்குச் சிறு திணிவு உளதாயின் சுவிக்கி கண்ட குறை தீரும் என்று 1973 இல் இந்திய அறிஞர் இராமநாத் கௌசிக்கும் மக்கிளெலண்டும் எழுதினர். அறிந்த துகளைக் கொண்டே அறியாததை விளக்கிய இக்கருத்து எளிமையும் அழகும் உடையது, ஆயினும் நிலைக்கவில்லை. விரைந்தோடும் நியூத்திரினோக்கள் அமைக்கும் வானம் நாம் காணும் வானத்தை ஒவ்வாதென 1983 இல் வைற், பிறெங்க், டேவிஸ் ஆகியோரின் கணினிக் கணிப்புக் காட்டிற்று.

இதற்கிடையே மீச்சமச்சீர்க் கொள்கை வேறொரு நோக்கிலே வளர்ந்து வந்தது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு துணைத்துகள் உண்டென்பது அதன் கூற்று. கட்டுப்பாடின்றி விடின், அக்கொள்கையிற் புரோத்தனே விரைவிற் சிதைந்துவிடும். 1978 இல் பறாரும் பயேயும் விளக்கிய விதி இவ்விடரைத் தடுத்தது: வழமைத் துகளுக்கு நேர்க்குறி, துணைத்துகளுக்கு எதிர்க்குறி, குறிகளின் பெருக்கம் மாறலாகாது. எனவே துணைத்துகள் சிதையின் மற்றொரு துணைத்துகளை விட்டே சிதையும். அவற்றுள் மிக இலேசானதற்குச் சிதைய வழியில்லை. புரோத்தனைக் காக்க இட்ட வேலி, தேடாமலே நிலையான துகளொன்றையும் தந்தது. 1983 இல் கோல்ட்பேக்கும், மறு ஆண்டில் எலிஸ் முதலானோரும் அதுவே காணாப் பொருளாகலாம் என விரித்துரைத்தனர். ஒரு காரியத்திற்கு வகுத்தது மற்றொன்றிற்கும் பொருந்தியமை பலரை மயக்கிற்று எனின் மிகையாகாது.

ஆனால், 2012 இல் கிக்சுத் துகளைக் கண்ட ஜெனீவா மோதுகருவி, துணைத்துகள் எதனையும் இதுகாறும் காட்டவில்லை. தென் டக்கோட்டாவின் பழைய பொற்சுரங்கத்திற் பத்துத் தொன் திரவச் செனனுடன் காத்திருந்தோரும் 2022 இல் வெறுங்கையராய் முதல் முடிபை வெளியிட்டனர்.

ஆகவே பலர் 'அக்சியன்' என்பதன்பாற் திரும்பியுள்ளனர். 1977 இல் பெச்சியும் குவின்னும் முன்வைத்த கருத்திலிருந்து மறு ஆண்டிலே வைன்பேக்கும் வில்செக்கும் வருவித்த துகள் அது. பெயரோ சலவைத்தூள் ஒன்றினது. அதனைக் காக்கும் வேலி யாதுமில்லை, அது சிதையக்கூடியதே. ஆயின், அதன் திணிவு மிகச் சிறிதாகலின், சிதைவதற்கு அண்டத்தின் வயதினும் மிக நீண்ட காலம் வேண்டும்.