தக்ளி சொல்லித்தந்த கணக்கு

தொடக்கப் பள்ளியில் கைத்தொழிலைத் தனிப் பாடமாக ஒதுக்காமல், மற்றப் பாடங்களை அதன் வழியே நடத்த முயன்றது ஆதாரக் கல்வி. 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி இதை முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டம் வகுத்தது. அதை நடத்த உருவான இந்துஸ்தானி தாலிமி சங்கத்தை முன்னின்று வழிநடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர்.

ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்குப் போனது. இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்தே 40 நிமிடம்தான். ஆனால் கணக்கு, பிள்ளைகள் நூல் நூற்ற கைக்கதிரான தக்ளியிலேயே இருந்தது. 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். தான் நூற்றதை அளந்து, நிறுத்து, வகுத்துப் பார்த்தால்தான் பிள்ளைக்கு நம்பர் தெரியும். பருத்தி விளையும் மண் பூகோளமாயிற்று; மில் துணி வந்த கதை வரலாறாயிற்று.

வட்டாரத்துக்கு ஏற்ற வேறு தொழிலையும் எடுத்துக்கொள்ளக் குழு இடம் விட்டிருந்தது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கம், கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களுக்குக் களிமண் எவ்வளவு பொருத்தம்! காய்ந்த மண் எவ்வளவு சுருங்கிற்று என்று அளந்தால் விழுக்காடு வந்துவிடும். சூளையில் வெந்த மண் ஏன் மறுபடி கரைவதில்லை என்று கேட்டால் அறிவியல். பானை தண்ணீருக்கா, தானியத்துக்கா என்று முதலில் யோசித்து அதற்கேற்ப வாயை வைப்பதுதான் வடிவமைப்பு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான ஆதாரப் பள்ளிகள் நூற்பிலேயே நின்றுவிட்டன. எல்லாப் பாடத்தையும் வலிந்து தக்ளியில் கட்டியபோது வகுப்பும் சலித்தது.

சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்விக்கு ஊக்கம் தந்தார். சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமமும் இந்த வழியில் நடந்தது.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு வகை. கிராமப் பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். பெரியார் இதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார், தி.மு.க.வும் போராடியது. எதிர்ப்பு நியாயமானது. ஆதாரப் பள்ளியில் எந்த வீட்டுப் பிள்ளையும் அதே தக்ளியைச் சுற்றியது, ஆசிரியர் முன்னால், கணக்கோடும் மொழியோடும் சேர்த்து. இங்கோ தொழில் பள்ளிக்கு வெளியே போயிற்று. குயவர் பிள்ளை மண்ணோடு, நாவிதர் பிள்ளை கத்தியோடு. பாடத்துக்கும் தொழிலுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்து, தொழிலுக்கும் சாதிக்கும் இருந்த பழைய முடிச்சு இறுகியது. 1954இல் முதலமைச்சரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

கைத்தொழில் என்ற சொல்லின் மேலேயே அதன்பின் சந்தேகம் படிந்தது. 1964–66 கோத்தாரி குழு அதைப் பணி அனுபவம் என்று பெயர் மாற்றிப் பரிந்துரைத்தது. பள்ளிகளில் நெசவும் தையலும் அவற்றுக்குரிய ஆசிரியரோடு தனிப் பிரிவேளையில் நடந்தன. கணக்கு ஆசிரியர் அந்த வகுப்புக்குள் வரவில்லை.