சகாட்டாவின் மூன்று துகள்கள்

மார்க்சியம் இயற்பியலுக்கு என்ன செய்தது என்று கேட்டால் நம்மிடம் இரண்டு தயார் பதில்கள் உண்டு. இயங்கியல் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டது என்பது ஒன்று. சோதனைக்கூடத்துக்குள் தத்துவத்துக்கு என்ன வேலை என்பது மற்றது. துகள்களின் நிறையை முன்கூட்டிக் கணிக்க முயன்ற வரலாற்றில் இந்த இரண்டுமே செல்லாது.

ஷோயிச்சி சகாட்டா ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்து இயற்பியலாளர், மார்க்சியர். அவருடைய இயற்பியல் துறை ஜனநாயக முறையில்தான் நடக்க வேண்டும் என்று 1946இல் சாசனமே எழுதிக்கொண்டது. எங்கெல்ஸின் 'இயற்கையின் இயங்கியல்' அவருக்கு அலமாரியில் வைக்கிற புத்தகமல்ல. பொருள் அடுக்கடுக்காக இருக்கிறது, எந்த அடுக்கும் கடைசியல்ல என்கிற பார்வையை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1950களில் புதுப்புதுத் துகள்கள் வந்து குவிந்தபோது, இத்தனையும் அடிப்படையாக இருக்க முடியாது என்றார். புரோட்டான், நியூட்ரான், லாம்டா மூன்றும் மூலம். மற்றவை இவற்றாலும் இவற்றின் எதிர்த்துகள்களாலும் ஆன கூட்டு. 1956இல் வெளியான மாதிரி இது. 1959இல் இகேடா, ஓகவா, ஓனுகி ஆகியோர் இந்த மூன்றுக்கும் இடையிலான சமச்சீர்மையைக் கணிதமாக்கினார்கள்.

கோளாறு எங்கே? மூன்று பேருக்கு மட்டும் பீடம் போட்டதில்தான். 1961இல் முர்ரே கெல்மானும் யுவால் நீமனும், தனித்தனியாக, புரோட்டான், நியூட்ரான், லாம்டா, மூன்று சிக்மா, இரண்டு க்ஸை ஆக எட்டையும் ஒரே வரிசையில் சமமாக உட்காரவைத்தார்கள். எது மூலம், எது கூட்டு என்ற கேள்வியை ஒத்திவைத்தார்கள். இந்த வரிசைக்குள் நிறைகள் எப்படி வேறுபடும் என்பதற்குக் கெல்மானும் சுசுமு ஒகுபோவும் சூத்திரம் தந்தார்கள். புரோட்டான்-நியூட்ரான் நிறையையும் க்ஸையின் நிறையையும் கூட்டிப் பாதியாக்குங்கள். லாம்டா மூன்று பங்கு, சிக்மா ஒரு பங்கு கூட்டி நான்கால் வகுங்கள். இரண்டும் சமம் என்கிறது சூத்திரம். மெகா எலெக்ட்ரான் வோல்ட் அலகில் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் சுமார் 1129, மறுபக்கம் 1135. ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை.

பத்துத் துகள் கொண்ட இன்னொரு வரிசையில் கணக்கு இன்னும் எளிது. படிக்குப் படி ஏறத்தாழ ஒரே இடைவெளி. 1232, 1385, 1530. அடுத்த படியில் ஆளில்லை. 1680 சுமாருக்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1962 ஜெனீவா மாநாட்டில் கெல்மான் சொன்னார். 1964இல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்துக் குமிழி அறைப் படங்களில் ஒமேகா மைனஸ் அகப்பட்டது. இன்றைய அளவீடு 1672.

அதே ஆண்டு கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் குவார்க்கைக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் மூன்று மூலங்கள், ஆனால் ஓர் அடுக்கு கீழே. ஒவ்வொரு படியிலும் லேசான குவார்க் ஒன்றின் இடத்தில் கனமான ஸ்ட்ரேஞ்ச் குவார்க் வருகிறது. அதனால்தான் அந்த இடைவெளி. புரோட்டானுக்குக் கீழேயும் அடுக்கு உண்டு என்பதால் சகாட்டாவின் பார்வை நின்றது, மாதிரி விழுந்தது. அந்த 1964 ஆகஸ்டில்தான் பெய்ஜிங்கில் மாவோ அவரைச் சந்தித்துப் பாராட்டினார். சீன இயற்பியலாளர்கள் 1965-66இல் 'அடுக்குத் துகள்' மாதிரியை உருவாக்கவும் அது தூண்டுதலாயிற்று. ஆனால் மாவோவே பாராட்டினாலும் லாம்டாவுக்குப் பீடம் திரும்பக் கிடைக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. புரோட்டானின் நிறை 938. உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் ஒன்பது சுமார்தான் வருகிறது, அதாவது நூற்றில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் அவற்றின் இயக்கமும் அவற்றைப் பிணைக்கும் விசைப்புலத்தின் ஆற்றலும். 2008இல் மீத்திறன் கணினிகளில் இதை அடிப்படைச் சமன்பாட்டிலிருந்தே கணக்கிட்டார்கள். சில சதவீதப் பிழைக்குள் அளவீட்டோடு ஒத்துப்போனது. மூலத்தைப் பிடித்துவிட்டால் எல்லாம் பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கும் இது அடிதான்.

இதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமூகத்துக்கு ஒட்டவைக்க வேண்டாம். அந்த வியாதி நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சகாட்டாவிடம் எடுத்துக்கொள்ள வேறொன்று உண்டு. தத்துவத்திலிருந்து கேள்வியை எடுத்தார். தோற்கக்கூடிய ஒரு மாதிரியாக அதை வெளியே வைத்தார். தோற்றுப்போகவே முடியாத கோட்பாடுகளோடு குடித்தனம் நடத்துகிற நமக்கு அந்தத் துணிச்சல்தான் இன்னும் கைவரவில்லை.