திறவுகோல் என்றுதானே பேர்!

நாம் அன்றாடம் சொல்லும் ‘சாவி’ தமிழ்ச் சொல் அல்ல. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து விட்டுப் போன சொல். நான் சிறுவயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ‘கிளே’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் தாய் ஒன்றுதான், லத்தீனில் ‘கிளாவிஸ்’. தமிழில் இதற்குப் பழைய பேர் திறவுகோல். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றைக்கும் ‘திறப்பு’ என்றே சொல்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அதே சாவிதான் பூட்டவும் பயன்படுகிறது. ஆனாலும் யாரும் அதற்குப் ‘பூட்டுகோல்’ என்று பேர் வைக்கவில்லை. பூட்டுவது பெரிய காரியமல்ல, வேண்டியபோது திறக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள் போலும். இப்போது சாவியே இல்லாத கார்கள் நம் அருப்புக்கோட்டைத் தெருக்களுக்கும் வந்துவிட்டன. அதனால் இந்தப் பேருக்குள் இருக்கும் அர்த்தத்தைக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். திருச்சுழி பக்கம் கிராமங்களில் இன்னும் சில நிற்கின்றன. கனமான மரக்கதவு, உள்ளே தாழ்ப்பாள், வெளியே நாதாங்கியும் கொண்டியும். ராத்திரி வீட்டுக்குள் ஆள் இருந்தால் தாழ்ப்பாள், பகலில் எல்லோரும் காட்டுக்கோ தறிக்கோ போனால் வெளியே பூட்டு. உள்ளே இருப்பவருக்கு ஒன்று, வெளியே போகிறவருக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி. உள்ளே இருக்கிற கிழவி இருட்டிலும் கையால் தடவித் தாழ்ப்பாளை நீக்கிவிடுவாள். அவளுக்குச் சாவி தேவையில்லை.

அந்த நாதாங்கியில் தொங்கியது பெரும்பாலும் திண்டுக்கல் பூட்டு. பூட்டுத் தொழில் அந்த ஊரில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்றே ஒரு வகைக்குப் பேர். திண்டுக்கல்லும் நம்மைப் போலத் தண்ணீருக்குத் தவித்த ஊர். வெள்ளாமை கைகொடுக்காத இடத்தில் கைத்தொழில்தான் சோறு போடும். நமக்குத் தறி, அவர்களுக்குப் பூட்டு. அந்தப் பூட்டுக்குள் சின்னச் சின்ன லீவர்கள் அடுக்கியிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு விலகும். பற்களைக் கையால் அரம் வைத்து ராவுவதால் ஒரு சாவி இன்னொரு பூட்டுக்குச் சேராது. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டும் மலிவான இயந்திரப் பூட்டும் வந்து, செய்கிறவர் கை குறைந்த பிறகு கிடைத்த மரியாதை அது.

என் உத்தியோகத்திலும் பூட்டுக்குப் பெரிய இடம் உண்டு. கருவூலத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு ‘இரட்டைப் பூட்டு’ என்றால் விளக்க வேண்டாம். முத்திரைத்தாள், காப்புப் பொருள் எல்லாம் இருக்கும் காப்பறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அலுவலரிடம், மற்றொன்று பொறுப்புள்ள இன்னோர் ஊழியரிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். பூட்டும்போது மூத்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, “யாராச்சும் இருக்கீங்களா?” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். எந்த விதியிலும் அந்தக் குரல் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் குரல் கொடுக்காமல் யாரும் பூட்டியதில்லை.

இனி காருக்கு வருவோம்.

அம்பாசிடர், பியட் காலத்தில் கார் பூட்டு வீட்டுப் பூட்டின் தம்பிதான். வெளியே சாவித் துவாரம், உள்ளே ஒரு கைப்பிடி. பிடியை இழுத்தால் கம்பி இழுபடும், கதவு திறக்கும். பேட்டரி செத்துப் போனாலும் கதவுக்கு ஒன்றும் ஆகாது.

சாவித் துவாரத்துக்கு வேலையில்லாமல் செய்யும் முயற்சி 1980 வாக்கில் தொடங்கியது. அந்த வருடம் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் கதவில் எண் பொத்தான்களை வைத்தது. ரகசிய எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். 1982இல் பிரான்சில் ரெனோ நிறுவனம் ஒரு படி மேலே போனது. ஃபுவேகோ என்று இரண்டு கதவு வைத்த ஒரு கார், பந்தயக் கார் மாதிரி சரிந்த முதுகு. அதற்குக் கையடக்கமான ஒரு கருவியைக் கொடுத்தார்கள். தள்ளி நின்று பொத்தானை அழுத்தினால், இன்று நம் டி.வி. ரிமோட்டில் போவது போன்ற அகச்சிவப்புக் கதிர் போய்க் கதவைத் திறக்கும். அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ் என்ற பொறியாளர். அவர் பேரின் முதல் எழுத்தையும் குடும்பப் பேரின் தொடக்கத்தையும் சேர்த்து அதற்கு ‘ப்ளிப்’ என்று பேர். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கார் ரிமோட்டை ‘ப்ளிப்’ என்றுதான் சொல்கிறார்கள். மண்ணைத் தோண்டும் எந்த இயந்திரமானாலும் நாம் ஜே.சி.பி. என்று சொல்லவில்லையா, அது போல.

அடுத்தது பொத்தானையும் அழுத்த வேண்டாம் என்ற கட்டம். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட். 1953இல் பிறந்தது, ஏறக்குறைய என் வயது. அதன் 40ஆம் ஆண்டு, 1993 மாடலில், சாவிக்கொத்துடன் உரிமையாளர் பக்கத்தில் வந்தாலே கதவு பூட்டு நீங்கும், விலகிப் போனால் தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 1998இல் மெர்சிடிஸ் தன் பெரிய காருக்கு இதைக் கொண்டுவந்தது. 2001இல் ரெனோ தன் லகூனா காருக்குச் சாவிக்குப் பதிலாக ஒரு அட்டையைக் கொடுத்தது. அந்த ஏற்பாட்டைப் பிரெஞ்சில் ‘மேன் லீப்ர்’ என்பார்கள். கையை வீசிக்கொண்டு போகலாம் என்று நம் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கம் ஒரகடத்தில் 2010இல் திறந்த ஆலையில் செய்யும் ரெனோ கார்கள் மூலமாக அந்த அட்டை நம் ஊர்ப் பைகளுக்கும் வந்துவிட்டது.

என் தம்பி மகன் அப்படி ஒரு காரில் வந்திறங்கி, “பெரியப்பா, சாவிய வெளிய எடுக்கவே வேண்டாம். பையில கெடந்தாப் போதும்” என்றான். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய ரேடியோ அலையில் “யாரது?” என்று கேட்கிறது. அந்தக் குரல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் கேட்காது. பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டு, “நான்தான்” என்று ஒரு ரகசியக் கணக்கின் விடையைத் திருப்பி அனுப்புகிறது. விடை சரியென்றால் கதவு திறக்கும். திண்டுக்கல் பூட்டில் பற்கள் செய்த வேலையை இங்கே எண்கள் செய்கின்றன.

திருடன் சும்மா இருப்பானா? 2011இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன. ஒருவன் காருக்குப் பக்கத்தில், மற்றவன் சாவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆளுக்கொரு கருவியோடு நிற்பான். காரின் குரலை வாங்கிச் சாவிக்கும் சாவியின் பதிலை வாங்கிக் காருக்கும் கடத்துவார்கள். சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். ரகசியக் கணக்கை உடைக்கவே தேவையில்லை. சாவியை நன்றாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தால் பெரும்பாலும் அந்த அலை எட்டாது. போட்டுப் பாருங்கள், டப்பாவோடு போய் நின்றால் கதவு திறக்கக் கூடாது. திறந்தால் டப்பாவை மாற்றுங்கள்.

திருட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல, உள்ளே இருப்பவரைப் பற்றி.

2005 மாடலிலிருந்து கார்வெட்டின் கதவை உள்ளிருந்து திறப்பதற்கும் மின்சாரப் பொத்தான்தான். இழுக்கும் பிடிக்குப் பதில் அழுத்தும் பொத்தான். 2015 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் போர்ட் ஆர்தர் என்ற ஊரில் 72 வயதுப் பெரியவர் ஒருவர், தம் நாயோடு, 2007 மாடல் கார்வெட்டுக்குள் ஏறி உட்கார்ந்தார். பேட்டரி ஒயர் கழன்றிருந்தது. மின்சாரம் போனதும் பொத்தான் வேலை செய்யவில்லை, ஹாரனும் ஒலிக்கவில்லை. கடும் வெயில். இருவரும் உள்ளேயே இறந்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், தரையோரம், கையால் இழுத்துத் திறக்கும் ஒரு பிடி இருந்தது. அவசரத்துக்கென்றே வைத்த பிடிதான், ஆனால் அவருடைய அவசரத்துக்கு உதவவில்லை. என் வயதை ஒட்டியவர் என்பதாலோ என்னவோ, படித்த நாளிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை.

டெக்சாஸ் தூரம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் நம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கம் துவாரபுடியில் நான்கு குழந்தைகள் இதே போல. வெயிலில் மூடி நிற்கும் காரில் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் அதற்கு மேல் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூடாகும்.

சட்டம் மெதுவாக விழிக்கிறது. அமெரிக்காவில் 1998 கோடையில் சில வாரங்களுக்குள் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் அகப்பட்டு இறந்தன. அதற்குப் பிறகு, 2001 செப்டம்பர் முதல், டிக்கிக்குள்ளிருந்து திறக்கும் பிடி, இருட்டிலும் தெரியும்படி, கட்டாயமானது. 2025 செப்டம்பரில் டெஸ்லா மாடல் ஒய் காரின் மின்சாரக் கைப்பிடிகள் வேலை செய்யாமல் குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்ட புகார்கள் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. சீனாவில் 2027 ஜனவரியிலிருந்து புது மாடல் கார்களின் கதவை மின்சாரம் இல்லாமலும் உள்ளிருந்தும் வெளியிருந்தும் கையால் திறக்க முடிய வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி வந்து, கிழவி தடவித் திறந்த தாழ்ப்பாளுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

புது வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. மழையில் இரண்டு கையிலும் பையோடு நின்று சாவி தேடிய கஷ்டம் நமக்குத் தெரியாததா? ஆனால் பிள்ளைகள் காரில் வந்திறங்கும்போது, விலை என்ன, மைலேஜ் என்ன என்று கேட்கிறோமே, அதோடு நாலு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்று, பேட்டரி போனால் உள்ளிருந்து எதை இழுத்தால் கதவு திறக்கும்? முன்பக்கக் கதவு, பின்பக்கக் கதவு இரண்டுக்கும் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் போதாது, உட்கார்ந்து நீங்களே இழுத்துப் பாருங்கள். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்பிடி வேலை செய்யாது. அப்போது முன்பக்கம் தாண்டி வரத்தான் வேண்டும்.

இரண்டு, அந்தச் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் எப்படித் திறப்பது? பெரும்பாலானவற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அது சேரும் துவாரம் சில கார்களில் கைப்பிடியின் மூடிக்குப் பின்னால் இருக்கும்.

மூன்று, பேரப் பிள்ளைகளுக்கு ஹாரனை அழுத்தக் கற்றுக் கொடுத்தாயிற்றா? பல கார்களில் வண்டி அணைந்திருந்தாலும் ஹாரன் ஒலிக்கும். தெருவில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

நான்கு, வீட்டு வாசலில் நிற்கும் கார் பூட்டித்தான் இருக்கிறதா? பூட்டாத காருக்குள்தான் குழந்தைகள் விளையாட ஏறுகிறார்கள். பிள்ளை காணவில்லை என்றால், கிணற்றைப் பார்ப்பது போலவே காரையும் உடனே பாருங்கள், டிக்கி உட்பட.

பூட்டுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுக்கும் வழக்கம் காப்பறைக்கு மட்டும் உரியதல்ல. கார் தானே பூட்டிக்கொள்ளட்டும். அந்தக் குரலை மட்டும் அது கொடுக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும்.