ஒரு கட்டிலில் நான்கு பேர்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாஸ்தீல் சிறையும் ராணி சொன்னதாகச் சொல்லப்படும் கேக்கும் நினைவுக்கு வரும். கேக் கதைக்கு ஆதாரம் இல்லை, விட்டுவிடலாம். நான் நர்ஸ். எனக்கு அந்தப் புரட்சி ஓர் ஆஸ்பத்திரி வார்டில் தொடங்குகிறது.

பாரிஸில் நோத்ர் தாம் பேராலயத்தின் பக்கத்தில் இருந்தது ஓத்தெல் தியூ. கன்னியாஸ்திரிகள் பணிசெய்த ஆஸ்பத்திரி, ஏழைகளின் புகலிடம். 1772 டிசம்பர் கடைசியில் தீப்பிடித்து எரிந்தது. வேறிடத்தில் புதிதாகக் கட்டுவோம் என்றார்கள். பேச்சோடு சரி. தெனோன் என்ற அறுவை மருத்துவர் அங்குள்ள வார்டுகளை அளந்து, கட்டில்களை எண்ணி, 1788இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரே கட்டிலில் நான்கு பேர், சில நேரம் ஆறு பேர். 9 பேர் உள்ளே போனால் 2 பேர் இறந்தார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதே எத்தனை பாடு என்று எனக்குத் தெரியும். அந்தச் சகோதரிகள் இரவுப் பணியை எப்படிப் பார்த்தார்களோ!

இதற்கிடையே 1786இல் அறிவியல் கழகம் நான்கு புதிய ஆஸ்பத்திரிகள் கட்டச் சொன்னது. அறிக்கையை எழுதியவர் பாய்யி என்ற வானியலாளர். மக்கள் நன்கொடை தர முன்வந்தார்கள். 20 லட்சம் லிவ்ருக்கு மேல் சேர்ந்தது.

அந்தப் பணம் எங்கே போனது? 1788 ஆகஸ்டில் கஜானா காலி. அமெரிக்கப் போருக்கு வாங்கியதையும் சேர்த்து, அரசின் கடன்களுக்கான செலவே வருவாயில் பாதியை விழுங்கியது. பிரபுக்கள் தாய் என்ற முக்கிய வரியைக் கட்டவில்லை. என் கிறிஸ்தவ நண்பர்கள் கோபிக்க வேண்டாம்: திருச்சபையும் கட்டவில்லை, தானே தீர்மானித்த ஒரு தொகையை 'அன்பளிப்பு' என்று கொடுத்தது. விவசாயி அந்த வரியும் உப்பு வரியும் கட்டி, தசமபாகமும் கொடுத்தான். முதலமைச்சர் பிரியேன், ஆஸ்பத்திரி நிதியை எடுத்து அரசின் செலவுக்குப் போட்டார். அவர் ஒரு பேராயர். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தடுக்க யாருமில்லை. முந்தைய ஆண்டு ஒரு கடன் ஆணையைச் சட்டவிரோதம் என்று எதிர்த்தபோது, 'நான் விரும்புவதால் அது சட்டப்படிதான்' என்றார் 16ஆம் லூயி. மக்கள் பிரதிநிதிகளின் சபை 1614க்குப் பிறகு கூடவே இல்லை. 1789 மே மாதம் வேறு வழியில்லாமல் கூட்டினார்கள். குருக்களின் பிரதிநிதிகளில் 200க்கும் மேற்பட்டோர் சாதாரணப் பங்குக் குருக்கள். ஏழைகளின் சாவுக்கட்டிலைப் பார்த்தவர்கள் அவர்கள். பலர் பொதுமக்கள் பக்கம் போய் அமர்ந்தார்கள்.

ஜூன் 20 அன்று டென்னிஸ் மைதானத்தில், அரசியல் சட்டம் இயற்றும்வரை கலையமாட்டோம் என்று சத்தியம் செய்த சபையின் தலைவர் யார் தெரியுமா? ஆஸ்பத்திரி அறிக்கை எழுதிய அதே பாய்யி.

1793 நவம்பரில் புரட்சி அவரையே கில்லட்டினுக்கு அனுப்பியது. ஒரு நோயாளிக்கு ஒரு கட்டில் என்ற ஆணை வந்ததும் அதே மாதத்தில்தான்.