ஓ.பி. சீட்டில் இல்லாத பெயர்

பெரியம்மா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. அண்ணனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போன நாட்களின் தேதி முத்திரைகள், மாத்திரை விவரங்கள். 2003 முதல் பதினோரு வருடம். நடுவில் சில மாதங்கள் இல்லை. ஐப்பசி இல்லை, தை இல்லை. சம்பா நடவும் அறுவடையும் என்று பிடிபட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. முனைவர் பட்டம் இதற்கெல்லாம் உதவுவதில்லை.

அரசு மனநல மருத்துவமனை என்றால் நெடுங்காலம் சென்னைக் கீழ்ப்பாக்கம்தான். 1794இல் தொடங்கியது, 1871இல் அங்கே இடம்மாறியது. தஞ்சையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 1952இல் குளோர்ப்ரோமசின் வந்தபின், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடலாம் என்றானது. பெரிய விடுதலைதான். ஆனால் வார்டு பார்த்த வேலை அம்மாக்களின் தலையில் விழுந்ததை மருத்துவ வரலாறு அவ்வளவாகப் பேசுவதில்லை.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கியபோது தமிழகத்தில் முதலில் திருச்சிக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபின்தான் பெரியம்மா அண்ணனை எங்கும் விட்டுவருவதில்லை என்று முடிவெடுத்தார்.

அதற்கு முன் குணசீலம் போயிருந்தார்கள். கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோம். கூலிக்காரப் பெண்ணின் கணக்கு வேறு: மண்டலத்தை வேலையில்லாத கோடையில் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியோ மாதம் ஒரு நாள் கேட்கிறது, முடிவே இல்லாமல். அந்த நாளில் நடவுக்கூலி போகும். நடவுக்குழுவில் இடமும் போகலாம்.

"போன மாசம் ஏன் வரலை?" என்று கேட்டால் பெரியம்மா, "எனக்கு உடம்பு முடியலைங்க" என்பார். நடவு என்று சொன்னால் பிள்ளையைவிடக் கூலி பெரிதா என்பார்களாம். பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு எதிரே 'வரவில்லை'. வராதது அண்ணனா?

அண்ணனுக்காவது அம்மா இருந்தார். பெண் நோயாளியை யார் கூட்டிவருவது? 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மனநோயும் மணவிலக்குக்கு ஒரு காரணம். மாத்திரை வெளியே தெரிந்தால் வாழ்க்கை போய்விடும் என்று பயப்படும் வீட்டில், பக்கத்து ஆஸ்பத்திரிதான் ரொம்ப தூரம்.

நடவு மாதங்களில் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். எல்லோருக்கும் முடியாது, நிலைமை சீரானவர்களுக்கு முடியும். தேதி குறிக்கும் முன் கூட்டிவருபவரிடம் "உங்களுக்கு எந்த நாள் தோது?" என்று கேட்கலாம். ஓ.பி. சீட்டில் அவர் பெயர் எழுத ஒரு கோடு போடலாம்.

2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பெரியம்மா அதைப் பார்க்கவில்லை. இப்போது அண்ணனைக் கூட்டிப்போவது அக்கா. புது நோட்டு. போன ஐப்பசியிலும் முத்திரை இல்லை.